'வாழ்நாள் ஒயில்' என்றால் யாருடைய வாழ்நாள்?

ஹரோவில் ஒரு பிறந்தநாள் விழா மண்டபம். மேசையில் இருந்த றோல் ஒன்றை எடுக்கக் கையை நீட்டினேன். பக்கத்தில் இருந்த மாமா என் நகக்கண்ணைக் கண்டுவிட்டார்.

"என்ன தம்பி, கராஜிலையே வேலை?"

"இல்லை மாமா. என்ரை காரைத்தான் கழட்டிப் பூட்டினனான்."

அவர் முகத்தில் இரக்கம் வந்தது. "உதுகளுக்கு ஆக்கள் இருக்கினம்தானே. காசைக் குடுத்தாச் செய்து தருவாங்கள். அதுவும் உந்தச் சுப்பர்சார்ஜர் வைச்ச கார். உதிலை கை வைக்கலாமே?"

மேசையில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர் கணக்காளர், ஒருவர் மென்பொருள் எழுதுபவர், இருவர் கடை வைத்திருப்பவர்கள், ஒருவர் பல் வைத்தியர். ஐவரும் மாமா பக்கம். பல் வைத்தியர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேர்விசை நேரத்துக்குச் செய்தாப் போதும், மிச்சத்தைக் கொம்பனி பாத்துத்தானே வைச்சிருக்கும்" என்றார். வாயைத் திறந்து பார்க்காமல் பல் நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். காருக்கு மட்டும் சொன்னார்.

அன்றைக்கு றோலைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன்.

அவர்கள் தரப்பை நான் மெலிதாக்கப் போவதில்லை. சாதாரண எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சும். சுப்பர்சார்ஜர் பூட்டிய எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறார்கள். அமுக்கம் கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடிய இடத்தில் சின்னப் பிழையும் பெரிய செலவாகும். போதாததற்குக் கணினி, உணரிகள், கடையில் கிடைக்காத ஆயுதங்கள். மொறிஸ் மைனரைத் தெருவோரத்தில் வைத்துத் திருத்திய காலம் மலையேறிவிட்டது. ஆகவே பராமரிப்பை முகவர் கராஜுக்கு விடு, வலுக் கூட்டும் ஆசையை அடியோடு விடு. இதுதான் வாதம். இங்கிலாந்தில் எங்கள் ஆட்கள் மட்டும் சொல்வதில்லை; கார் விற்பவரும் வாங்குபவரும் இதையே சொல்கிறார்கள். இதில் ஒவ்வொரு வசனமும் தனித்தனியே சரி. 'ஆகவே' என்ற இடத்தில்தான் பிழைக்கிறது.

என் கார் 2003ஆம் ஆண்டு மினி கூப்பர் எஸ். விசயம் தெரிந்தவர்கள் ஆர்53 என்பார்கள். 2002 முதல் 2006 வரை வந்த அந்த வகைக்குப் பிறகு மினி சுப்பர்சார்ஜரைக் கைவிட்டு ரேர்போவுக்கு மாறிவிட்டது. 1.6 லீற்றர் எஞ்சின். பிரேசிலில் கம்போ லார்கோ என்ற ஊரில் பீஎம்டபிள்யூவும் கிறைஸ்லரும் கூட்டாக நடத்திய ட்றைற்றெக் ஆலையில் செய்தது. அதன் முன்பக்கத்தில் ஈற்றன் கொம்பனியின் எம்45 சுப்பர்சார்ஜர். எம்45 என்பதில் உள்ள 45, ஒரு சுற்றில் அது தள்ளும் காற்றின் அளவு: 45 கன அங்குலம், ஏறக்குறைய 737 கன சென்ரிமீற்றர். எஞ்சினின் முன் கப்பியிலிருந்து பெல்ற் போட்டு இதைச் சுழற்றுகிறார்கள். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்ற இது கிட்டத்தட்ட இரண்டு சுற்றுச் சுற்றும். சில கார்களில் இருப்பதுபோல் வேண்டாதபோது விலக்கிவிடும் கிளச் இதில் கிடையாது. நீங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்க மெல்லப் போனாலும் சரி, நெடுஞ்சாலையில் மிதித்தாலும் சரி, எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் அதன் பற்சில்லுகளும் ஓடும்.

அந்தப் பற்சில்லுகளைப் பற்றித்தான் பேசவேண்டும். முன் மூக்கில் ஒரு சோடி: உள்ளே இருக்கும் இரண்டு சுழலிகளும் ஒன்றோடொன்று முட்டாமல் கணக்காக ஓடுவது இவற்றால். பின் நுனியில் இன்னொரு தொகுதி: சுப்பர்சார்ஜரின் வேகத்தைக் குறைத்து எஞ்சினின் தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுகிறது. ஆம், இந்தக் காரில் தண்ணீர்ப் பம்ப் சுப்பர்சார்ஜரின் வாலில் தொங்குகிறது. இரண்டு இடத்துக்கும் தனித்தனியே ஒயில் உண்டு. எஞ்சின் ஒயிலுக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எஞ்சின் ஒயிலை மாதாமாதம் மாற்றினாலும் இங்கே ஒரு சொட்டும் வராது. அளந்து பார்க்கக் கோல் கிடையாது. வடித்து விடத் துளை கிடையாது. பராமரிப்பு அட்டவணையில் இந்த ஒயிலுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. கேட்டால், "வாழ்நாளுக்குப் போட்டது" என்பார்கள்.

யாருடைய வாழ்நாள்? காரின் வாழ்நாளா, முதல் சொந்தக்காரர் அதை வைத்திருக்கும் மூன்று நான்கு வருடமா?

இது என் மனக்குறை மட்டும் என்றால் விட்டுவிடலாம். அதே ஈற்றன் குடும்பத்துச் சுப்பர்சார்ஜர்களை ஜெனரல் மோட்டோர்ஸ் அமெரிக்காவில் பியூக், பொன்ரியாக் கார்களில் 3.8 லீற்றர் எஞ்சினோடு பூட்டி விற்றது. தாத்தாமார் தேவாலயத்துக்கு ஓட்டிப் போகும் கார்கள் அவை. அவற்றின் கையேட்டில், சுப்பர்சார்ஜர் ஒயிலின் மட்டத்தை 30,000 மைலுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருந்தது. அதற்கென்று சின்னக் குப்பியில் ஒயிலும் விற்றார்கள். இன்றைக்கு ஆர்53 வைத்திருப்பவர்கள் வாங்கி ஊற்றுவதும் பெரும்பாலும் அந்தக் குப்பியைத்தான். ஒரே குடும்பத்துப் பொறி. ஒரு கொம்பனிக்கு 30,000 மைல், மற்றதற்கு ஆயுள் முழுக்க. பொறியியல் இரண்டாகப் பிரிந்ததால் வந்த வித்தியாசம் இல்லை இது. முன்னதில் மூடியைத் திறக்கப் பொனற்றைத் தூக்கினால் போதும். மினியில் காரின் மூஞ்சியையே கழற்றவேண்டும். எட்டாத இடத்தில் இருப்பதற்குப் பராமரிப்பு வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

விளைவு என்ன? பின் நுனியில் ஒயில் கருகியோ கசிந்தோ போகிறது. பற்சில்லு வறண்டு தேய்கிறது. ஒருநாள் பல் அறுகிறது. தண்ணீர்ப் பம்ப் நிற்கிறது. முன்னால் சுப்பர்சார்ஜர் எப்போதும்போலக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆகையால் ஓட்டுபவருக்கு வலுவில் எந்த மாற்றமும் தெரியாது. வெப்பமானி ஏறும். அதைக் கவனிக்காதவருக்கு வளைந்த சிலிண்டர் ஹெட் மிஞ்சும், அல்லது எஞ்சினே போகும். ஒரு தேநீர்க் கோப்பையை நிரப்பாத ஒயிலால் வருவது இவ்வளவும். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று ஊரில் சொல்வார்கள். இந்தக் காரைப் பார்த்தே சொன்னதுபோல இருக்கிறது.

என் கார் 90,000 மைலைத் தாண்டியபோது, மினியில் தேர்ந்தவர்கள் என்று பலகை போட்ட ஒரு கராஜுக்குத்தான் முதலில் கொண்டுபோனேன். மாமா சொன்னபடியே காசைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனேன். சுப்பர்சார்ஜர் ஒயிலை மாற்றவேண்டும் என்றேன். வரவேற்பில் இருந்த பெடியன் திரையைப் பார்த்தான். "அப்படி ஒரு வேலை இல்லை. அது மூடி முத்திரை வைத்தது" என்றான். அவனில் எனக்குக் கோபமில்லை. அவன் திரையில் அந்த வரி இல்லை. நிபுணத்துவம் என்று நாங்கள் காசு கொடுத்து வாங்குவது பல இடங்களில் அந்தத் திரையைத்தான். திரையில் இல்லாதது அவர்களுக்கு உலகத்திலேயே இல்லை. இன்னோர் இடத்தில் செய்யச் சம்மதித்தார்கள். 900 பவுண்ஸ் கேட்டார்கள். வேலை அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதால் அந்த விலை நியாயமானதுதான் என்று பிறகு நானே செய்தபோது விளங்கியது. எனக்குச் சாமான் செலவு 100 பவுண்ஸுக்குள் முடிந்தது. எடுத்த நேரம் இரண்டு சனி, ஒரு ஞாயிறு.

முன் பம்பரைக் கழற்றி, இரண்டு பக்கமும் நீளப் போல்ற்றுகளைத் தண்டவாளம்போலப் பூட்டி, றேடியேற்றரோடு முன்சட்டத்தை ஒரு சாணுக்கு மேல் முன்னே இழுக்கவேண்டும். ஏசிக் குழாய்களைக் கழற்றத் தேவையில்லை, அவை வளைந்து கொடுக்கும். ஏசி வாயுவை வீட்டில் வைத்துத் திறக்கவும் கூடாது. இங்கே அதற்குச் சான்றிதழ் வேண்டும், அந்தச் சட்டம் சரியானதும்கூட. சட்டத்தை இழுத்தபின் எஞ்சின் முகம் உங்களைப் பார்த்து நிற்கும். என் சுப்பர்சார்ஜரின் முன் மூக்கில் இருந்து வந்த ஒயில் தேன் நிறத்தில் இருந்தது. பின் நுனியைத் திறந்தேன். ஒரு கரண்டி அளவு. கறுப்பு. மணம் சொல்லும் தரமில்லை: அழுகிய மீனையும் வார்னிஷையும் சேர்த்துக் காய்ச்சியதுபோல. மனைவி ஜன்னலைச் சாத்தினாள். வாழ்நாள் முடிய அந்தக் கரண்டிதான் மிச்சம்.

நிபுணர் வாதத்தின் அடிக்கல் அங்கேதான் எனக்கு ஆட்டம் கண்டது. ஒயில் ஊற்றப் போனவன் வேறு என்னவெல்லாம் கண்டேன் என்று கேளுங்கள். முன் கப்பியின் நடுவில் அதிர்வை வாங்க ஒரு றப்பர் வளையம் இருக்கிறது. அது வெடித்து, வெளி வளையம் மெல்ல நழுவத் தொடங்கியிருந்தது. பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கும் கையின் அமுக்கி ஒயில் கக்கியிருந்தது. தெர்மோஸ்ற்றாற் கூடு பிளாஸ்ரிக். விளிம்பில் வெள்ளை வெடிப்பு. எஞ்சினின் சுழற்சியைப் பார்க்கும் உணரியின் கீழே ஒரு சின்ன வளையம். சில பென்ஸ் விலை. அதிலிருந்துதான் வருடக்கணக்காக என் வாசலில் ஒயில் சொட்டியது. 'எஞ்சின் பழசு, கசியத்தான் செய்யும்' என்று அதற்குமுன் ஒரு மெக்கானிக் எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்.

இவற்றில் எதையும் அந்த 900 பவுண்ஸ் வேலை பார்த்திருக்காது. பார்த்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தொலைபேசி எடுத்து, விலை சொல்லி, சம்மதம் வாங்கி, சாமானுக்குக் காத்திருக்கவேண்டும். மேடையில் கார் நிற்கும் ஒவ்வொரு மணியும் கராஜுக்கு நட்டம். மூன்று மணிக்கு அடுத்த கார் வருகிறது. மெக்கானிக் என்னைவிடக் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். என்னிடம் இருந்ததும் அவரிடம் இல்லாததும் நேரம். றப்பர் வளையத்தை விரலால் தடவி, விளக்கைச் சரித்துப் பிடித்துப் பார்க்க எனக்கு அவசரம் இருக்கவில்லை. இருபது வயதுக் காருக்கு வேண்டியது அதுதான். கணினி சொல்லும் பிழை எண்களில் வெடித்த றப்பருக்கு எண் இல்லை.

'கணினி யுகம்' என்ற வாதத்துக்கு நான் அதிக இடம் கொடுக்கப்போவதில்லை. 20 பவுண்ஸுக்கு விற்கும் வாசிப்பானை ஸ்ரியறிங்குக்குக் கீழே செருகினால் எஞ்சினின் வெப்பநிலையையும் பிழை எண்ணையும் தொலைபேசியில் பார்க்கலாம். தெருவோர மொறிஸ் மைனர் காலத்தில் எங்கள் ஊர் மெக்கானிக்குக்கு இது இருந்திருந்தால் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பார்.

இனி, பெரிய பாவத்துக்கு வருவோம். வலுக் கூட்டுவது.

பராமரிப்பையாவது செய்துவிட்டுப் போ, ஆனால் கொம்பனி நிர்ணயித்த வலுவை மாற்ற நீ யார் என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் என் காரின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரை ஒருமுறை வாசிக்கவேண்டும். கூப்பர் என்பது ஒரு கொம்பனி கண்டுபிடித்த விளம்பரச் சொல் இல்லை. சேர்பிற்றனில் கராஜ் வைத்திருந்த ஜோன் கூப்பரின் பெயர். அலெக் இசிகொனிஸ் மினியைச் சாதாரண குடும்பத்துக்காக வரைந்தார். 848 சிசி, 34 குதிரைவலு. அதைப் பந்தயக் குணம் உள்ள காராக்கலாம் என்று கூப்பர் சொன்னபோது இசிகொனிஸுக்கு அது பிடிக்கவில்லை. கூப்பர் மேலிடம் போய்ச் சம்மதம் வாங்கினார். 1961இல் வந்த மினி கூப்பர் 997 சிசி, 55 குதிரைவலு. மொன்ரி கார்லோ றலியை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் அந்த வழிவந்த மினிகள் வென்றன. 'நிர்ணயித்த வலுவை' மாற்றியவரின் பெயரைக் காரின் முதுகில் ஒட்டி விற்றுக்கொண்டு, மாற்றாதே என்று எங்களுக்கு உபதேசம்.

அதோடு நிற்கவில்லை. கூப்பரின் மகன் மைக் நடத்திய ஜோன் கூப்பர் வேர்க்ஸ், ஆர்53க்கென்று ஒரு தொகுதியை விற்றது. 163 குதிரைவலு 200 ஆகும். பின்னால் வந்த தொகுதியில் 210. பெட்டிக்குள் என்ன இருந்தது? 11 சதவீதம் சிறிய சுப்பர்சார்ஜர் கப்பி, திருத்திய சிலிண்டர் ஹெட், வேறு எக்ஸோஸ்ற், கணினிக்குப் புது நிரல். மினியின் முகவர் கராஜுகளே பூட்டிக்கொடுத்தன, வாரண்டியும் கொடுத்தன. 2006இல் 218 குதிரைவலுவோடு ஜிபி என்ற பெயரில் 2,000 கார்கள் மட்டும் விட்டார்கள். அவற்றுக்கு இன்று என்ன விலை என்று தேடிப் பாருங்கள். அப்படியென்றால் இந்த எஞ்சின் கூடுதல் வலுவைத் தாங்கும் என்று செய்தவர்களுக்கே தெரியும். கப்பியை மாற்றுவது பாவமில்லை, சீட்டு இல்லாமல் மாற்றுவதுதான் பாவம் என்றால் அப்படியே சொல்லட்டும். பொறியியலைச் சாட்சிக்கு இழுக்கவேண்டாம்.

பழைய கதை ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பின் மிகப் பலமான சாட்சி அதில்தான் இருக்கிறது. 1920களின் கடைசியில் ரிம் பேர்க்கின் என்ற பந்தயக்காரர் பென்ற்லி காருக்குச் சுப்பர்சார்ஜர் பூட்ட விரும்பினார். டபிள்யூ. ஓ. பென்ற்லி அடியோடு எதிர்த்தார். வலு வேண்டுமென்றால் பெரிய எஞ்சின் போடு என்பது அவர் கொள்கை. பேர்க்கின் கேட்கவில்லை. டொறத்தி பஜெற் என்ற செல்வந்தப் பெண்ணின் பணத்தில் வெல்வின் கார்டன் சிற்றியில் பட்டறை போட்டு, அம்ஹேர்ஸ்ற் வில்லியர்ஸ் வடிவமைத்த சுப்பர்சார்ஜரைப் பூட்டினார். 1930 லு மானில் சுப்பர்சார்ஜர் பூட்டிய பென்ற்லிகள் ஓடி முடிக்கவில்லை. வென்றது பென்ற்லியின் பெரிய எஞ்சின் கார், சுப்பர்சார்ஜர் இல்லாதது. அந்த இடத்தில் பென்ற்லி சொன்னதுதான் சரி. அதை மறைத்து வாதாடுவது அழகில்லை. ஆனால் அதே ஆண்டு போ நகரில் நடந்த பிரெஞ்சு கிறான்ட் பிறியில் பேர்க்கின் அந்தப் பாரமான காரை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். 2019இல் பென்ற்லி கொம்பனி, தன் நிறுவனர் வெறுத்த அதே காரைப் புதிதாக 12 செய்து விற்கப்போவதாக அறிவித்தது.

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. மினிக் கூட்டத்தில் ஒரு நோய் இருக்கிறது: முதலில் கப்பியை வாங்குவது. கணக்கு இலேசு. கப்பியை 15 சதவீதம் சிறிதாக்கினால் சுப்பர்சார்ஜரின் வேகம் ஏறக்குறைய 17.6 சதவீதம் கூடும். 19 சதவீதம் சிறிதாக்கினால் 23.5 சதவீதம். எஞ்சின் 6,750 சுற்றில் இருக்கும்போது பொறி 13,500ஐத் தொட்டது போதாதென்று 16,600ஐத் தாண்டவைக்கிறார்கள். இந்தப் பழைய றூட்ஸ் வகைப் பொறி வேகம் கூடக் கூடக் காற்றைவிட வெப்பத்தைத்தான் தாராளமாகத் தரும். அதைக் குளிர்விக்கவேண்டிய இன்ரர்கூலரோ எஞ்சினின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் அதுவும் சேர்ந்து சுடும். சூடான காற்று உள்ளே போனால் எஞ்சின் தட்டும். தட்டுவதைக் கேட்கும் உணரி தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளும். வாங்கிய வலு அப்படியே போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் 19 சதவீதக் கப்பியைப் போட்டுவிட்டு, ஆனி மாத வெயிலில் என் காரிடம் தோற்றார். அப்போது என் காரில் எந்த மாற்றமும் செய்திருக்கவில்லை. அவருடைய பெல்ற் இருபது வருடத்துப் பழசு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கப்பி சுழல்தண்டில் இறுக அழுத்திப் பூட்டியது. அதை இழுத்தெடுக்க அதற்கென்று ஆயுதம் உண்டு, வாடகைக்கும் கிடைக்கும். அது இல்லாமல் சுத்தியலால் தட்டிக் கழற்றி, உள்ளே இருக்கும் பெயறிங்கை உடைத்தவர்களும் இருக்கிறார்கள். மாமாவின் மேசையில் எப்போதும் சொல்லப்படுவது இவர்கள் கதைதான். நானும் உத்தமன் இல்லை. தெர்மோஸ்ற்றாற் கூட்டின் சின்னப் போல்ற் ஒன்றைக் கைப்பலத்தில் இறுக்கி, அலுமினியத்தின் புரியை அறுத்தேன். புதுப் புரி போட ஒரு முழு ஞாயிறு போனது. அன்றிலிருந்து அளந்து இறுக்கும் ஸ்பானர் இல்லாமல் அந்த எஞ்சினில் கை வைத்ததில்லை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுப்பவரும் இருக்கிறார். அவரை நான் ஆதரிக்கவில்லை.

ஆனால் இந்தத் தவறுகளெல்லாம் எதைக் காட்டுகின்றன? அவசரத்தை. சொந்தக்காரர் கை வைத்ததை அல்ல. நான் செய்த ஒழுங்கு வேறு. முதலில் இரண்டு நுனிக்கும் ஒயில், பெல்ற், அதன் அமுக்கி, முன் கப்பி. முன் கப்பிக்கு அதிர்வு வாங்காத வெறும் உலோகத் துண்டை 'பந்தயச் சாமான்' என்று விற்பார்கள்; நான் றப்பர் உள்ளதையே வாங்கினேன், அது அங்கே அலங்காரத்துக்கு வைத்ததில்லை. பிறகு பிறேக்: பட்டைகள், குழாய்கள், புது திரவம். ஜோன் கூப்பரும் 1961இல் வலுவைக் கூட்டிய அதே கையோடு முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக் போட்டார் என்பதை வேகப் பிரியர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஒரு வருடம் ஓட்டி, எதுவும் கசியவில்லை, பெல்ற் நழுவவில்லை என்று தெரிந்தபின்தான் 15 சதவீதக் கப்பியும் ஒரு படி குளிர்ந்த பிளக்குகளும். கணினி நிரலை நான் தொடவில்லை. காரை உருளையில் ஏற்றி, எக்ஸோஸ்ற்றில் காற்று எரிபொருள் விகிதம் பார்த்து நிரல் எழுதும் ஒருவரிடம் கொடுத்தேன். காசு கொடுத்தேன், மாமா. எங்கே கொடுக்கவேண்டும் என்பது கழற்றிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

சட்டத்தைச் சொல்லி வெருட்டுபவர்களுக்குச் சுருக்கமாக. வாரண்டி போய்விடும் என்கிறீர்கள்: இருபது வயதுக் காருக்கு வாரண்டி எங்கே இருக்கிறது? புதுக் காரானாலும், எங்கள் சாமான் எங்கள் கராஜ் என்றால்தான் வாரண்டி என்று நிபந்தனை போடக்கூடாது என அமெரிக்காவில் 1975இலேயே சட்டம் வந்துவிட்டது. காப்புறுதிக்காரர்களிடம் மாற்றங்களை ஒளிக்காமல் சொல்லவேண்டும். நான் சொன்னேன், கட்டணம் கொஞ்சம் கூடியது, கட்டுகிறேன். எக்ஸோஸ்ற்றில் கற்றலிற்றிக் கொன்வேர்ற்றரை எடுத்துவிட்டால் எம்ஓரி பரிசோதனையில் தேறாது, எடுக்கக்கூடாது. இவ்வளவுதான் சட்டம். உங்கள் காரின் ஒயிலை நீங்கள் பார்க்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

உண்மையில் அந்த மேசையில் இருந்த தயக்கம் எஞ்சினைப் பற்றியதே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அது நகக்கண்ணைப் பற்றியது. படித்தவன் கையில் ஊத்தை ஒட்டக்கூடாது என்ற பழைய வியாதி கப்பல் ஏறி, விமானம் ஏறி, ஹரோ வரைக்கும் வந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மேசையில் இருந்தவர்களில் மூவராவது 1990களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள். பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. சின்னப் போத்தலில் சில சொட்டுப் பெற்றோலைக் காபறேற்றருக்குக் காட்டி எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய ஏ-போர்ட்டிகளிலும் மொறிஸ் மைனர்களிலும்தான் நாங்கள் ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் போனோம். அந்த எஞ்சின்களைச் செய்தவர்கள் மண்ணெண்ணெயை அனுமதித்தார்களா? கையேட்டில் அப்படி ஒரு பக்கம் இருந்ததா? சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். 'மூடி முத்திரை வைத்தது' என்று எவனாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே திறந்திருப்போம். இருபத்தைந்து வருடத்தில் அந்தக் கை எங்கே போனது?

அந்த மொறிஸ் மைனர்கள் செய்யப்பட்ட இடம் ஒக்ஸ்போர்ட்டின் கௌலி. 2001இல் புது மினி பூட்டத் தொடங்கியதும் அதே கௌலியில்தான். ஒரு ஊரில் செய்த இரண்டு கார். ஒன்றை எங்கள் ஒழுங்கை மெக்கானிக் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார். மற்றதன் ஒயிலைத் திறந்து பார்க்கவும் கூடாது என்கிறார்கள் அவருடைய மருமக்கள்.

என் கார் இப்போது 1,30,000 மைலைத் தாண்டிவிட்டது. போன கார்த்திகையில் மறுபடியும் முன்சட்டத்தை இழுத்துப் பின் நுனியைத் திறந்தேன். ஒயில் முழுதாக இருந்தது, கொஞ்சம் கறுத்திருந்தது, அதே மணம். மாற்றிவிட்டுப் பூட்டினேன்.

நீங்கள் 2002க்கும் 2006க்கும் இடைப்பட்ட கூப்பர் எஸ் ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், பெயின்ற்றையும் ரயரையும் பிறகு பாருங்கள். சுப்பர்சார்ஜர் ஒயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். "அது மாற்றத் தேவையில்லை" என்றால், விலையில் 900 பவுண்ஸைக் குறைத்துக் கேளுங்கள்.